துறையூரா, முசிறியா? இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்தின் பூர்வீக ஊரைக் கண்டறிந்து எழுதிவைப்பது எப்படி?

கோத்தகிரிப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவைப் பெற்ற பாட்டி, ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1974-இல் தாத்தாவோடும் நான்கு பிள்ளைகளோடும் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கி, அங்கிருந்து கோத்தகிரிக்கு வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தாத்தா இப்போது இல்லை. பாட்டிக்குத் தொண்ணூறு வயது. நினைவு தெளிவாக இருக்கிறது, ஆனால் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது.

பாட்டியின் தகரப்பெட்டியில் உள்ளவை இவை: தாத்தா, பாட்டி இருவரின் பெயரிலும் 1972-இல் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டு, மண்டபத்தில் காட்டிய குடும்ப அட்டை, என் அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் தகப்பனார் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டதைத் தெரிவிக்கும் ஒரு கடிதம், 1979-இல் என் பெரிய அத்தையின் திருமணத்துக்கு எழுதிய மொய் நோட்டு. கடவுச்சீட்டில் சொந்த ஊர் துறையூர் என்று இருக்கிறது. பாட்டியோ, தாத்தாவின் குடும்பம் முசிறித் தாலுகாவில் 'பட்டி' என்று முடியும் ஒரு சிற்றூரைச் சேர்ந்தது என்றும், தாத்தாவின் தகப்பனார் சிறுவனாக இருந்தபோதே, தோட்டத்துக்கு ஆள் கூட்டிச் செல்லும் கங்காணியோடு கடல் கடந்தார் என்றும் உறுதியாகச் சொல்கிறார். அந்தப் பெயரில் திருச்சிப் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருப்பதால் அதை இங்கே எழுதவில்லை. பாட்டியின் பிறந்த ஆண்டிலும் குழப்பம் இருக்கிறது. கடவுச்சீட்டில் 1938 என்று உள்ளது. பாட்டி, "யுவ வருஷம், நாடெல்லாம் மலேரியாக் காய்ச்சல் கண்ட காலம்" என்கிறார்.

தாத்தாவின் குலதெய்வத்துக்கு ஒரு முறையாவது பொங்கல் வைத்துவிட வேண்டும் என்று பாட்டி விரும்புகிறார். நானும் எங்கள் குடும்பத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்காக முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது, எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது, பாட்டியின் சொல்லும் தாளில் உள்ளதும் மாறுபடும்போது எதை நம்புவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஹட்டன் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அன்பு மகளுக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். இப்போதைக்கு இரண்டையும் நம்புங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தாதீர்கள். ஒரு நோட்டில் "பாட்டி சொன்னது, இன்ன தேதியில்" என்றும் "கடவுச்சீட்டில் உள்ளது" என்றும் தனித்தனியாக எழுதுங்கள். கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தில் அன்றைக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விண்ணப்பங்களை நிரப்பினார்கள். குக்கிராமத்தின் பெயருக்குப் பதிலாக அதற்கு அருகிலுள்ள, எல்லோருக்கும் தெரிந்த ஒரு நகரத்தின் பெயர் அதில் ஏறியிருப்பது இயல்பானது. வயதும் அப்படித்தான், பல வேளைகளில் மதிப்பாக எழுதப்பட்டது.

பாட்டியின் நினைவைச் சோதித்துப் பார்த்தேன். அறுபது ஆண்டுச் சுழற்சியில் யுவ வருஷம் 1935 ஏப்ரலில் தொடங்கி 1936 ஏப்ரலில் முடிகிறது. இலங்கையை உலுக்கிய பெரும் மலேரியாக் கொள்ளைநோய் 1934-இன் பிற்பகுதியில் தொடங்கி 1935-இலும் நீடித்தது. இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே பிறப்புப் பதிவைத் தேடும்போது 1938-ஐ மட்டும் பார்க்காமல் 1935, 1936-ஆம் ஆண்டுகளையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிறப்புகள் தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே பதிவாளருக்குத் தெரிவிக்கப்பட்டதால், தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் சரியாக இருந்தால்தான் தேடல் எளிதாகும். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஓர் ஆங்கிலப் பெயரும், நம் மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருக்கும். பாட்டி சொல்லும் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பிரதேச செயலகத்தில் கண்டுபிடிக்க மாட்டார்கள். அப்பாவின் சான்றிதழில் பிறந்த இடம் என்ற இடத்தில் உள்ள ஆவணப் பெயரை அப்படியே எழுத்துக்கூட்டிக் கொடுங்கள்.

அந்தச் சான்றிதழை இன்னொரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிந்தைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களில், பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை எழுதக் கட்டங்கள் உண்டு. பூட்டனாருக்கும் அப்படியே கட்டம் உண்டு. எத்தனையோ பேர் அந்தக் கட்டங்களைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். அவற்றில் ஏதேனும் எழுதியிருந்தால் அது உங்களுக்குப் புதையல். வெறுமையாக இருந்தால், அந்தத் தலைமுறை இந்தியாவில் பிறந்தது என்பதற்கு ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள், சான்றாகக் கொள்ளாதீர்கள்.

மறுப்புக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948-இல் நம் மக்களின் குடியுரிமை பறிபோனது. 1949-இன் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5 வரை கெடு கொடுத்தார்கள். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு குடும்பமும் பிறப்புத்துண்டு, பள்ளிக்கூடத்துக் கடிதம், தோட்டத்து வேலைப்பதிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் திரட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி தன் வாழ்க்கையைத் தாள்களில் அடுக்கிக் காட்ட முயன்ற முதல் தருணம் பல வீடுகளில் அதுதான். அதனால் அந்தக் கடிதத்தின் விண்ணப்ப எண்ணையும் தேதியையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டது என்பதற்காக அது மதிப்பற்ற தாள் ஆகிவிடாது.

தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவு) புத்தகங்களைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை ஆயின, 1992-இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. இவ்வளவு கை மாறியதில் பழைய புத்தகங்கள் பல தோட்டங்களில் மிஞ்சவில்லை. ஆனால் செக்ரோலைவிட உறுதியான ஒன்று உண்டு. ஒரு கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும்தான் ஆள் கட்டினார். எனவே அந்தக் கங்காணியின் பெயரையும், ஒரே லயத்தில் பக்கத்துக் காம்பராக்களில் (அறைகளில்) இருந்த குடும்பங்களையும் பாட்டியிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவருடைய ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் அதற்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம்.

திருச்சிப் பக்கம் பழைய கணக்கு எழுதியவர் எழுதியது:

வணக்கம் அம்மா. கிராம நிர்வாக அலுவலராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: துறையூரும் முசிறியும் ஒன்றுக்கொன்று மாறான செய்திகளே அல்ல. துறையூர்ப் பகுதி வெள்ளைக்காரர் காலத்தில் முசிறித் தாலுகாவுக்குள் இருந்தது. தனித் தாலுகா ஆனது பின்னால்தான். 1920-களில் ஊரைவிட்டுப் போன ஒருவர் "முசிறித் தாலுகா" என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார். 1972-இல் எழுதிய எழுத்தர் துறையூர் என்று எழுதியிருப்பார். மாவட்டங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பழைய தாளில் "திருச்சி ஜில்லா" என்றிருந்தால் அது இன்றைய கரூரோ, பெரம்பலூரோ, அரியலூரோ ஆகலாம். 1948-இலிருந்து 1974 வரை எழுதிய தாளானால் புதுக்கோட்டையாகவும் இருக்கலாம்.

துறையூர் ஒரு ஜமீன். இது உங்கள் தேடலை நேரடியாகப் பாதிக்கும். உழவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி கிராமங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேடுகள் உண்டு. ஜமீன் கிராமங்களில் வரி வசூலித்தது ஜமீன் கச்சேரி. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்புதான் அந்தக் கிராமங்களை அரசு எடுத்து ரயத்துவாரியாக மாற்றியது. உங்கள் பூட்டனாரின் தகப்பனார் காலத்துப் பட்டாவைத் தாலுகா அலுவலகத்தில் தேடி, கிடைக்கவில்லை என்றதும் ஊரே தவறு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கங்காணியோடு கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், பண்ணையாட்கள். பட்டாவும் அடங்கலும் சிட்டாவும் நிலம் வைத்திருந்தவர்களின் வரலாற்றைச் சொல்பவை. அவற்றில் இல்லாதவர் அந்த ஊரில் வாழவில்லை என்று பொருள் இல்லை. அத்தகையவர்கள் தாளில் வரும் இடம் ஊர்ப் பிறப்பு–இறப்புப் பதிவேடுதான். சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணியக்காரர் எனப்பட்ட கிராம முன்சீப் அவற்றை எழுதிவந்தார். பூட்டனார் ஊரைவிட்டுப் போன பிறகும் அவருடைய அண்ணன் தம்பிகள், தாய் தகப்பன் அங்கேயே இருந்து இறந்திருப்பார்கள். அவர்களுடைய இறப்புப் பதிவு கிடைத்தாலும் போதும். 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது சில ஊர்களில் கணக்குகள் முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை என்பதை என் அனுபவத்திலேயே கண்டிருக்கிறேன். ஒப்படைக்கப்பட்டவை தாலுகா அலுவலகப் பதிவறையில் இருக்கும். ஆண்டு, கிராமம், என்ன பதிவேடு என்று குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் "இல்லை" என்ற விடை எளிதாக வந்துவிடும். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.

கணக்குகளில் ஆண்டு, பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

ஒரே பெயரில் உள்ள ஊர்களைப் பிரித்தறிய, 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் திருச்சி மாவட்டக் கையேட்டில் தாலுகா வாரியாகக் கிராமப் பட்டியல் உண்டு; எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். அதற்கு முன் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தாத்தாவின் தகப்பனார் ஊரைப் பற்றிப் பேசும்போது ஆற்றைச் சொன்னாரா, மலையைச் சொன்னாரா? முசிறி காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கே வாய்க்கால் பாசனமும் படித்துறையும் பேச்சில் வராமல் இருக்காது. துறையூர்ப் பக்கத்தவர் என்றால் பச்சைமலையோ கொல்லிமலையோ பேச்சில் வந்திருக்கும்.

கோத்தகிரிப் பேத்தி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் அலுவலர் ஐயாவுக்கும் என் நன்றி. சான்றிதழைப் பார்த்தேன், பாட்டனார், பூட்டனார் கட்டங்கள் இரண்டும் வெறுமையாக உள்ளன. பாட்டியிடம் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன், ஆனால் வரிசையாகக் கேட்டால் அவர் சோர்ந்துவிடுகிறார்; பெயர்களைக் கேட்டால் "எத்தன பேர ஞாபகம் வச்சிருக்க முடியும்" என்று நிறுத்திக்கொள்கிறார். எப்படிக் கேட்பது?

வால்பாறைச் சகோதரி எழுதியது:

தங்கைக்கு, என் தாயாரின் வாழ்க்கையை நான்கு ஆண்டுகள் பதிவு செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். வயதானவர்களின் நினைவு பெயரைப் பிடித்துக்கொண்டு வராது; சடங்கையும் உணவையும் பாட்டையும் பிடித்துக்கொண்டுதான் வரும். "தாத்தாவின் பங்காளிகள் யார்" என்று கேட்டால் மௌனமாக இருந்த என் தாயார், "தாத்தா இறந்தபோது நீர்மாலை எடுக்கப் போனவர்கள் யார், கோடி போட்டவர்கள் யார்" என்று கேட்டதும் பதினோரு பேரை உறவுமுறையோடு சொன்னார். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பது சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும்தான் வெளிப்படையாகத் தெரியும். தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லுங்கள். ஒப்பாரியில் பிறந்த வீட்டின் ஊரும் அண்ணன்மார் பெயரும் வந்துவிடும்.

உங்கள் கையிலிருக்கும் ஆவணங்களில் நான் பெரிதாக மதிப்பது மொய் நோட்டைத்தான். 1979 என்றால் தாயகம் திரும்பி ஐந்தே ஆண்டுகள். பழைய தோட்டத்து உறவுகள் அறுபடாத காலம். அதில் ஊர்ப்பெயரோடு எழுதியிருப்பவர்களைத் தனியாகப் பிரியுங்கள். தாய்மாமன் சீர் யாருடைய பெயரில் இருக்கிறது, பங்காளி முறையில் எழுதியவர்கள் எவர் என்று பாட்டிக்கு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டுங்கள். வெறுமனே நினைத்துப் பார்க்கச் சொல்வதைவிட, ஒரு பெயரைக் காதில் கேட்டவுடன் அவரைப் பற்றிய கதை தானாக வரும்.

பெயர்களை வைத்தும் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நம் வழக்கம். பெயரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். உங்கள் தாத்தா மூத்தவரானால், அவருடைய பெயரே பூட்டனாருடைய தகப்பனாரின் பெயராக இருந்திருக்கக்கூடும். இதை ஊகம் என்று குறித்துக்கொண்டு, இறப்புப் பதிவேட்டில் தேடும்போது பயன்படுத்துங்கள். அதே வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் வருவார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து எழுதுங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள். கொடிவழி என்றதும் பலர் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் என்று ஒரே கோட்டில் ஏறிப் போய்விடுகிறார்கள். கொழுந்தெடுத்துக் குடும்பத்தைக் காத்த பெண்கள் எந்த ஊரில் பிறந்தார்கள் என்பதே எழுதப்படாமல் போகிறது. பாட்டியின் தாயார், அவருடைய தாயார் என்றும் ஒரு கிளையைத் தொடங்குங்கள்.

பதிவு செய்யும்போது அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கைபேசியைப் பாட்டிக்கு அருகில் ஒரு துணியின்மேல் வைத்து, தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். எழுதும்போது அவருடைய சொல்லை மாற்றாதீர்கள். பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, துண்டு என்று அவர் சொல்லும் தோட்டத்துச் சொற்களைத் திருத்தி எழுதினால் அந்த வாழ்க்கையே மறைந்துபோகும். கடவுச்சீட்டையும் கடிதங்களையும் லேமினேஷன் செய்யவே கூடாது. புகைப்படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். பாட்டி சில செய்திகளை, 1973–74 பஞ்சத்தில் இறந்த பிள்ளையையோ, சாதியால் பட்ட அவமானத்தையோ, சொல்லிவிட்டு "இத எழுதாத" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் எழுதாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்.

கோத்தகிரிப் பேத்தி எழுதியது:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை மொய் நோட்டைப் படித்துக் காட்டினேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அரை மணியில் நான் நிறுத்தப் பார்த்தும் பாட்டி விடவில்லை. பங்காளி முறையில் எழுதியவர்கள் ஐந்து பேர் என்று அடையாளம் காட்டினார். அவர்களில் ஒருவருடைய பேரன் வால்பாறையில் இருப்பதை அறிந்து பேசினேன். அவர்கள் வீட்டிலும் அதே 'பட்டி'யின் பெயரைச் சொல்கிறார்கள். அவருடைய தாத்தா தாயகம் திரும்பியதும் ஒரு முறை அங்கே போய்ப் பிடிமண் எடுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் சாமி வைத்திருக்கிறார். அலுவலர் ஐயா, மலையா ஆறா என்ற கேள்விக்குப் பாட்டி சற்றும் யோசிக்காமல் விடை சொன்னார். தாத்தாவின் தகப்பனார் தோட்டத்து மலையைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க ஊர்ல வாசல்ல நின்னா பச்சமல தெரியும், இப்படிக் குளுராது" என்று சொல்வாராம். ஆற்றைப் பற்றி அவர் பேசியதே இல்லையாம்.

வைகாசியில் பாட்டியை அழைத்துக்கொண்டு துறையூர் வருகிறோம். முதலில் தாலுகா அலுவலகத்துக்குப் போவதா, கோயிலுக்குப் போவதா?

திருச்சிப் பக்கம் பழைய கணக்கு எழுதியவர் எழுதியது:

கோயிலுக்குப் போங்கள் அம்மா. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ இருக்கும்; பழைய நோட்டுகளையும் சில ஊர்களில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் போனால் பூசாரி பெரும்பாலும் இருப்பார். வால்பாறைக் குடும்பத்தாரையும் உடன் அழைத்து வாருங்கள், அவர்களுக்குச் சாமியின் இடம் தெரியும். அங்கே கிடைக்கும் பங்காளிகளின் பெயர்களை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போகலாம். துறையூர்ப் பேருந்து நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.